இதயத்துக்கு இட்ட ஒட்டு

மனித உடலில் சத்திரவைத்தியரின் கத்தி நெடுங்காலம் தீண்டத் தயங்கிய உறுப்பு இதயமாகும். கையையும் காலையும் அறுத்தார்கள், மண்டையோட்டைத் துளைத்தார்கள், வயிற்றைத் திறந்து மீண்டும் தைத்தார்கள். ஆயினும், மார்புக் கூட்டினுள்ளே ஓயாது துடித்துக்கொண்டிருக்கும் அச்சிறு தசைப்பையை அணுகுவதற்கு அஞ்சினார்கள். துடிப்பதை நிறுத்தித் தைத்தால் உயிர் போய்விடும். துடிக்கும்போதே தைப்பதோ இயலாத காரியம் என்பது அவர்கள் கருத்து. உயிரின் இருப்பிடமும் உணர்வின் ஊற்றும் அதுவே என்று பல நாட்டு மக்களும் பலகாலமாக நம்பிவந்தமையும் அவ்வச்சத்தை வளர்த்தது எனலாம்.

அந்த அச்சம் நீங்கிய வரலாற்றில் ஜேர்மனியிலுள்ள பிராங்பேட் என்னும் நகரம் இருமுறை இடம்பெறுகின்றது. இதயம் ஒரு பம்பியைப் போல வேலைசெய்து இரத்தத்தை உடலெங்கும் சுற்றியோடச் செய்கின்றது என்று நிறுவிய ஆங்கில வைத்தியர் வில்லியம் ஆவி என்பாரின் நூல் 1628 ஆம் ஆண்டில் அச்சேறியது அந்நகரிலேதான். அதன்பின் 268 ஆண்டுகள் கழிந்தன. 1896 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், கத்திக்குத்துக்கு இலக்கான ஓர் இளைஞன் அதே நகரத்து வைத்தியசாலை ஒன்றிற்குக் கொண்டுவரப்பட்டான். கத்தி இதயத்தின் வலது அறையைக் கிழித்திருந்தது. லூட்விக் றேன் என்னும் சத்திரவைத்தியர் மார்பைத் திறந்தார். இதயம் ஒவ்வொரு முறையும் சுருங்கி விரியும் இடைவேளையைப் பார்த்துப் பட்டு நூலால் மூன்று தையல்கள் இட்டார். இரத்தப் பெருக்கு நின்றது. இளைஞன் பிழைத்துக்கொண்டான். இதயத்தைத் தைக்கலாம், தைத்தபின்னும் அது துடிக்கும் என்ற உண்மையை அம்மூன்று தையல்களும் உலகுக்கு உணர்த்தின.

கத்தியாற் கிழிந்த இதயத்தை நூலால் இணைத்துவிடலாம். ஆனால் கத்தியின்றியே புண்படும் இதயத்தை என்செய்வது? மாரடைப்பு என்று கூறப்படும் நோயில் நிகழ்வது அதுவே. உடலெங்கும் இரத்தத்தை அனுப்பும் இதயத்துக்குத் தானும் உண்ண உணவு வேண்டும். அவ்வுணவைக் கொண்டுசெல்பவை இதயத்தின் மேற்பரப்பிலே முடி சூட்டியதுபோலச் சூழ்ந்து கிடக்கும் முடியுரு நாடிகள். அந்நாடிகளுள் ஒன்றில் இரத்தம் உறைந்து வழியை அடைத்துவிட்டால், அதனால் ஊட்டம் பெற்ற தசைப்பகுதி ஒட்சிசனின்றித் தவித்து, சில மணி நேரத்துக்குள் மடியத் தொடங்குகின்றது. இவ்வாறு நாடி அடைபட்டவர் அனைவரும் உடனே இறந்துவிடுவதில்லை என்பதையும், அந்நோயை உயிருள்ள மனிதரிலே கண்டறியலாம் என்பதையும் 1912 ஆம் ஆண்டில் சிக்காக்கோ நகர வைத்தியர் ஜேம்ஸ் எரிக் எடுத்துக்காட்டினார்.

பிழைத்தவருடைய இதயத்தில் என்ன நிகழ்கின்றது என்பதை ஊன்றி நோக்குதல் வேண்டும். மனிதருடைய இடது இதயவறையில் ஏறத்தாழ 200 கோடி முதல் 400 கோடி வரையிலான தசைக்கலங்கள் உள்ளன. பெரிய மாரடைப்பொன்றில் அவற்றுள் 100 கோடி வரை மடிந்துவிடக்கூடும். மடிந்த தசை இருந்த இடத்தை உடல் வெறுமனே விட்டுவைப்பதில்லை. விட்டுவைத்தால் சுவர் வெடித்து உயிர் போகும். ஆகவே நாரிழையங்களைக் கொண்டு அவசரம் அவசரமாக ஒரு தழும்பை உண்டாக்கிவிடுகின்றது. உயிரைக் காப்பது இத்தழும்பே. காலம் செல்லச்செல்ல உயிருக்கு உலை வைப்பதும் இதுவே. தழும்பு சுருங்குவதில்லை. பத்துப் பேர் இழுத்த தேரை ஏழு பேர் இழுப்பது போல, எஞ்சிய தசையே முழுச் சுமையையும் தாங்குகின்றது. சுவர் மெலிகின்றது; அறை விரிகின்றது; விரிய விரிய இழுவை கடினமாகின்றது. நான்கு படி ஏறினால் மூச்சு வாங்குகின்றது, கால்கள் வீங்குகின்றன, படுத்தால் உறக்கமில்லை. இதயச் செயலிழப்பு என்று வைத்தியர்கள் கூறுவது இந்நிலையைத்தான்.

தோலிற் காயம்பட்டால் புதுத்தோல் வளர்கின்றது. ஈரலின் ஒரு பகுதியை வெட்டினால் எஞ்சியது பெருக்கின்றது. இதயத்துக்கு மட்டும் அவ்வரம் கிடைக்கவில்லையா என்ற வினா எழுவது இயல்பே. வரிக்குதிரை மீன் என்னும் சிறிய நன்னீர் மீனின் இதயவறையில் ஐந்திலொரு பங்கை வெட்டியெடுத்தாலும் இரண்டு மாதங்களில் அது முழுமையாக வளர்ந்துவிடுகின்றது என்பதை அமெரிக்க விஞ்ஞானிகள் 2002 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பிறந்து ஒரு நாளேயான சுண்டெலிக் குஞ்சின் இதயமும் அவ்வாறே தன்னைத் திருத்திக்கொள்கின்றது என்பதும், ஒரு வாரம் கழிந்ததும் அவ்வாற்றல் மறைந்துவிடுகின்றது என்பதும் 2011 ஆம் ஆண்டில் அறியப்பட்டன.

மனித இதயத்தைப் பற்றிய விடை எதிர்பாராத ஒரு திசையிலிருந்து வந்தது. 1950 ஆம் ஆண்டுகளிலும் 1960 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானவெளியில் அணுக்குண்டுகளை வெடித்துச் சோதனை செய்தன. அதனால் காபன் 14 என்னும் கதிர்வீசும் காபன் காற்றிலே மிகுந்தது. 1963 ஆம் ஆண்டில் வல்லரசுகள் உடன்படிக்கை செய்துகொண்டு அச்சோதனைகளைக் கைவிட்டபின் அது படிப்படியாகக் குறைந்தது. அக்காபன் பயிரில் ஏறி, பயிரிலிருந்து மனிதருடைய உணவில் ஏறி, அவர்தம் உடலில் அன்றன்று பிறந்த கலங்களின் பரம்பரைப் பொருளிலே பதிந்தது. ஆகவே ஒரு கலத்திலுள்ள காபன் 14 எவ்வளவு என்று அளந்தால், அக்கலம் எந்த ஆண்டிற் பிறந்தது என்று கணித்துவிடலாம். சுவீடன் நாட்டுக் கரோலின்ஸ்கா நிலையத்தைச் சேர்ந்த யோனாஸ் பிரிசேன் குழுவினர் இவ்வழியால் மனித இதயக் கலங்களின் வயதைக் கணித்து 2009 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மனிதரின் இதயத் தசைக்கலங்கள் 25 வயதில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ நூற்றுக்கு 1 வீதமும், 75 வயதில் நூற்றுக்கு அரை வீதத்துக்கும் குறைவாகவும் புதியனவாக மாறுகின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு. அழிவுக்கென்று செய்த குண்டு ஆக்கத்துக்கு ஒரு கணக்கேடாயிற்று! இதயம் புதுப்பிக்கும் ஆற்றல் அறவே அற்றதன்று. ஆனால் 100 கோடி கலங்களை இழந்த இதயம் தன் சொந்த வருவாயைக் கொண்டு அக்கடனை ஒருநாளும் அடைக்கமாட்டாது. வெளியிலிருந்து உதவி வேண்டும்.

அவ்வுதவி முதலில் துணியாக வந்தது. 1953 ஆம் ஆண்டு மே மாதம் 6 ஆம் நாள், பிலடெல்பியா நகரில் ஜோன் கிபன் என்பவர் தாம் ஆக்கிய இதய நுரையீரல் இயந்திரத்தின் துணைகொண்டு, 18 வயதுப் பெண்ணொருத்தியின் இதயத்திலிருந்த துவாரத்தை அடைத்தார். 26 நிமிடநேரம் அவளுடைய இதயமும் நுரையீரலும் செய்யவேண்டிய வேலையை இயந்திரம் செய்தது. இதயத்தைத் திறந்து அமைதியாக வேலைசெய்யும் காலம் அன்று பிறந்தது. 1958 ஆம் ஆண்டில் டென்றன் கூலி அவ்வியந்திரத்தைப் பொருத்தி, இதயச் சுவரிலே புடைத்து நின்ற தழும்பை வெட்டியகற்றி விளிம்புகளை இணைத்துத் தைத்தார். பின்னர் 1980 ஆம் ஆண்டுகளில் வின்சன் டோர் என்னும் பிரெஞ்சுச் சத்திரவைத்தியர், தழும்பு இருந்த இடத்தில் உள்ளிருந்தே ஓர் ஒட்டைப் பொருத்தி, விரிந்த இதயவறைக்குப் பழைய வடிவத்தைக் கொடுக்கும் முறையை வகுத்தார். கிழிந்த சட்டைக்குத் தையற்காரர் ஒட்டுப்போடுவதை ஒத்தது அது.

வடிவம் திரும்பியது, வலிமை திரும்பியதா? 1,000 நோயாளரைக் கொண்டு பல நாடுகளில் நடத்திய பெரும் பரிசோதனையின் முடிவு 2009 ஆம் ஆண்டில் வெளிவந்தது. நாடிக்கு மாற்றுவழி அமைக்கும் சத்திரசிகிச்சையோடு அறையையும் சுருக்கித் தைத்தவர்களின் இதயம் அளவிற் சிறுத்தது உண்மையே. ஆனால் அவர்கள் மற்றவர்களைவிட நீண்டநாள் வாழ்ந்தார்களும் அல்லர். வைத்தியசாலைக்கு வரும் தடவைகள் குறைந்தனவும் அல்ல. துணி சுவரைத் தாங்கலாம். துடிக்கமாட்டாது என்பது அதனாற் பெற்ற பாடம்.

பழுதான இதயத்தை முழுவதாகவே மாற்றிவிடும் முயற்சியும் இதற்கிடையில் நிகழ்ந்தது. 1967 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 3 ஆம் நாள், தென்னாபிரிக்காவின் கேப்ரவுண் நகரில் கிறிஸ்ரியன் பேணாட் ஒரு மனிதரின் இதயத்தை இன்னொரு மனிதருக்குப் பொருத்தினார். நோயாளர் 18 நாட்கள் வாழ்ந்தார். பிற்காலத்தில் உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் நல்ல மருந்துகள் தோன்றியபின் இம்முறை பல்லாயிரவருக்குப் பல ஆண்டு வாழ்வை அளித்தது. எனினும் ஒருவருக்கு இதயம் கிடைக்கவேண்டுமாயின் மற்றொருவர் இறத்தல் வேண்டும். காத்திருப்போர் பலர், கிடைப்பதோ சில. பழுதான பகுதிக்கு மாத்திரம் உயிருள்ள தசையை ஒட்டமுடியாதா என்ற எண்ணம் இந்தப் பற்றாக்குறையிலிருந்தே வலுப்பெற்றது.

2000 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 15 ஆம் நாள், பாரிசு மாநகரத்துப் பிஷா வைத்தியசாலையில் பிலிப் மெனாஷே என்னும் சத்திரவைத்தியர் 72 வயது மனிதர் ஒருவருக்குப் புதுமையான சிகிச்சையொன்றைச் செய்தார். அம்முதியவருடைய தொடைத் தசையில் ஒரு சிறு துண்டை முன்னரே எடுத்து, அதிலிருந்த இளந்தசைக் கலங்களை ஆய்வுகூடத்தில் வளர்த்து ஏறத்தாழ 80 கோடியாகப் பெருக்கியிருந்தனர். நாடிக்கு மாற்றுவழி அமைத்த அதே வேளையில், அக்கலங்களை இதயத்தின் தழும்பினுள்ளே ஊசியால் ஏற்றினார் மெனாஷே. தொடைத் தசை இதயத் தசையின் வேலையைப் பழகிக்கொள்ளும் என்பதே எதிர்பார்ப்பு.

எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. அந்நோயாளர் ஒன்றரை ஆண்டு கழித்து இறந்தபின் அவருடைய இதயத்தை ஆராய்ந்தபோது, தழும்பினுள்ளே தசைநார்கள் உயிரோடு இருந்தமை தெரியவந்தது. ஆனால் அவை தொடைத் தசையாகவே இருந்தன. இதயத் தசைக்கலங்கள் ஒன்றோடொன்று மின்தொடர்பு கொண்டவை. ஒன்று துடித்தால் அடுத்ததும் துடிக்கும். தொடைத் தசைக்கு அம்மொழி தெரியாது. பஜனைக் கோஷ்டியில் தாளம் தெரியாத ஒருவர் புகுந்தாற்போல, அக்கலங்கள் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கவும் கூடும் என்ற அச்சம் எழுந்தது. 97 நோயாளரில் மெனாஷே குழுவினர் நடத்திய பரிசோதனையின் முடிவு 2008 ஆம் ஆண்டில் வெளிவந்தபோது, இதயத்தின் ஆற்றல் எதிர்பார்த்தவாறு உயரவில்லை என்பதை அவர்களே ஒளிவுமறைவின்றி எடுத்துரைத்தார்கள். தம் கொள்கைக்கு மாறான முடிவைத் தாமே அச்சேற்றும் நேர்மை விஞ்ஞானத்துக்கு அணிகலனாகும்.

அந்நேர்மையின் மதிப்பை உணர்த்தும் மற்றொரு கதையும் அதே காலத்தில் நிகழ்ந்தது. 2001 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், அமெரிக்காவிலிருந்த பியரோ அன்வேர்சா முதலியோர் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டனர். எலும்பு மச்சையிலுள்ள கலங்களை மாரடைப்புற்ற சுண்டெலியின் இதயத்தில் ஏற்றினால், ஒன்பதே நாட்களில் பழுதடைந்த பகுதியின் 68 வீதத்தைப் புதிய இதயத் தசை நிரப்பிவிடுகின்றது என்பது அச்செய்தி. மச்சை எளிதிற் கிடைப்பது. நோயாளரின் சொந்தப் பொருள். உடல் அதனை வெறுத்தொதுக்காது. ஆகவே அவ்வாண்டிலேயே ஜேர்மனியில் மனிதருக்கும் மச்சைக் கலங்களை ஏற்றத் தொடங்கினார்கள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது பழமொழி. நோயின் கொடுமை வைத்தியரையும் நோயாளரையும் ஒருங்கே ஆத்திரப்படுத்தியது எனலாம்.

2004 ஆம் ஆண்டில் சியாற்றில் நகரிலிருந்தும் ஸ்ரான்போட் சர்வகலாசாலையிலிருந்தும் இரு குழுவினர் அதே பரிசோதனையைத் தனித்தனியே செய்துபார்த்து ஒரே முடிவுக்கு வந்தனர். மச்சைக் கலங்கள் இதயத்திலும் இரத்தக் கலங்களாகவே வளர்ந்தன; இதயத் தசையாக மாறவில்லை. மனிதரிற் செய்த சோதனைகளும் மாறுபட்டன. ஹனோவர் நகரில் 60 நோயாளரில் ஆறு மாதத்திற் காணப்பட்ட முன்னேற்றம் 18 மாதங்கள் கழிந்தபோது மற்றவர்களுடைய நிலையினின்றும் வேறுபடுத்திக் கூறத்தக்கதாக இருக்கவில்லை. இறுதியில், 2018 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் ஹாவாட் வைத்தியக் கல்லூரியும் அதனைச் சார்ந்த வைத்தியசாலையும், அன்வேர்சா தம்மிடத்தே நடத்திவந்த ஆய்வுகூடத்திலிருந்து வெளிவந்த 31 கட்டுரைகளை மீட்டுக்கொள்ளவேண்டும் என்று அவற்றை வெளியிட்ட சஞ்சிகைகளுக்கு அறிவித்தன. அக்கட்டுரைகளில் பொய்யாக்கப்பட்ட அல்லது இட்டுக்கட்டப்பட்ட தரவுகள் இருந்தன என்பது அவற்றின் தீர்ப்பு. முதிர்ந்த இதயத்தினுள்ளேயே தசையைப் புதிதாக்கும் மூலக்கலங்கள் நிரம்ப உள்ளன என்ற கொள்கை அதனோடு தளர்ந்து வீழ்ந்தது. நோயாளரின் நம்பிக்கையும் ஆராய்ச்சியாளரின் உழைப்பும் பல ஆண்டுகள் அவ்வழியிலே செலவாயின. இழந்த பொருளைத் தேடிக்கொள்ளலாம். இழந்த காலத்தை யார் தருவார்?

இத்தனை தோல்விகளும் இரண்டு உண்மைகளைக் கற்பித்தன. இதயத்தை ஒட்டுவதற்கு இதயத் தசையே வேண்டும் என்பது ஒன்று. கலங்களை வெறுமனே ஊசியால் ஏற்றினால் மிகப் பெரும்பாலானவை தங்குவதில்லை என்பது மற்றொன்று. துடிக்கும் தசையினின்றும் அவை பிதுக்கப்பட்டு வெளியேறுகின்றன. இரத்தத்தோடு அடித்துச் செல்லப்படுகின்றன. எஞ்சியவையும் ஒட்சிசனற்ற தழும்பினுள்ளே சில நாட்களில் மடிகின்றன. விதை எவ்வளவு நல்லதாயினும் கற்பாறையில் விதைத்தால் முளைக்குமா? பாத்தி வேண்டும்.

அப்பாத்தியாக அமைந்தவையே உயிரிப்பொருள் ஒட்டுக்கள். அவற்றுக்கு வேண்டிய இலக்கணம் எளிதன்று. உடலுக்குத் தீங்கு செய்யலாகாது. இதயத்தோடு சேர்ந்து சுருங்கி விரியத்தக்க மென்மை வேண்டும். அதேவேளை கிழியாத உறுதியும் வேண்டும். புதிய இரத்தக் குழாய்கள் உட்புக இடம்விடல் வேண்டும். தன் வேலை முடிந்ததும் கரைந்து மறைதல் வேண்டும். இவ்விலக்கணத்துக்கு இயற்கையே பல பொருள்களை அளித்தது. கடற்பாசியிலிருந்து எடுக்கும் அல்ஜினேற்று என்பது ஒன்று. இஸ்ரவேல் நாட்டு விஞ்ஞானிகள் அதனைக் கடற்பஞ்சு போன்ற துளைகளுடையதாக்கி, அதில் இதயக் கலங்களை வளர்த்து எலியின் இதயத்தில் ஒட்டியதை 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இரத்தம் உறையும்போது வலைபோலத் தோன்றும் பைபிரின் என்னும் புரதம் மற்றொன்று. தோலுக்கும் எலும்புக்கும் உறுதிதரும் கொலாஜன் இன்னுமொன்று. கொலாஜன் கூழிலே கோழி முளையத்தின் இதயக் கலங்களைக் கலந்து வளர்த்தால், அக்கூழ் தானாகவே இறுகித் தசைத் துண்டாகித் துடிக்கின்றது என்பதை ஜேர்மனியைச் சேர்ந்த தோமஸ் எஷன்ஹாகன், வொல்பிராம் சிமமான் முதலியோர் 1997 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். இன்னும் ஒருபடி மேற்சென்று, 2008 ஆம் ஆண்டில் மினசோட்டா சர்வகலாசாலையினர் செத்த எலியின் இதயத்திலிருந்த கலங்கள் யாவற்றையும் கழுவி அகற்றி, எஞ்சிய வெண்ணிறக் கூட்டிலே புதிய கலங்களைக் குடியேற்றி அதனை மெல்லத் துடிக்கச் செய்தனர்.

யப்பானியர் வேறொரு வழியை நாடினார்கள். கலங்களைத் தாங்கப் பிறபொருள் எதற்கு, கலங்களையே பாயாக வளர்த்தெடுத்தால் என்ன என்பது அவர்கள் எண்ணம். சாதாரணமாகக் கிண்ணத்தில் வளர்ந்த கலங்களை நொதியம் இட்டுப் பெயர்த்தெடுத்தால் அவற்றை இணைக்கும் கட்டுக்கள் அறுந்து தனித்தனியாகிவிடும். தோக்கியோவில் தெருவோ ஒக்கானோ குழுவினர் 1990 ஆம் ஆண்டளவில், வெப்பத்துக்கேற்ப மாறும் பொருளொன்றைக் கிண்ணத்தின் அடியிலே பூசினார்கள். 37 பாகைச் சூட்டிற் கலங்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். 32 பாகைக்குக் கீழே குளிர்வித்தால் அவை முழுப் படலமாகவே கழன்றுவரும். ஒசாக்கா சர்வகலாசாலையைச் சேர்ந்த சத்திரவைத்தியர் யொஷிக்கி சாவா, தொடைத் தசைக் கலங்களை இவ்வாறு படலமாக்கி இதயத்தின்மேல் ஒட்டினார். ஏழு நோயாளரின் பரிசோதனையை ஆதாரமாகக் கொண்டு 2015 ஆம் ஆண்டில் யப்பானிய அரசாங்கம் அதற்கு நிபந்தனையோடு கூடிய அனுமதி வழங்கியது. பயனை எண்பித்தால் நிலையான அனுமதி. அன்றேல் இல்லை என்பது நிபந்தனை. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2024 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், பயன் எண்பிக்கப்படவில்லை என்று நிபுணர் குழு தீர்மானிக்கவே, அது சந்தையிலிருந்து விலகிக்கொண்டது. வாயில் திறப்பதற்கு மட்டுமன்றி அடைப்பதற்கும் உரியது என்பதை இந்நிகழ்ச்சி நினைவூட்டுகின்றது.

பாத்தி ஆயத்தமாயிற்று, நல்ல விதை எங்கே? மனித முளையத்திலிருந்து, எவ்வகைக் கலமாகவும் வளரத்தக்க மூலக்கலங்களை 1998 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் ஜேம்ஸ் தொம்சன் பிரித்தெடுத்தார். முளையத்தைச் சிதைப்பது அறமாகுமா என்ற கேள்வி பல நாடுகளில் எழுந்தது. 2006 ஆம் ஆண்டில் கியோத்தோ சர்வகலாசாலையின் ஷின்யா யமனாக்கா, நான்கே பரம்பரையலகுகளைப் புகுத்திச் சுண்டெலியின் சாதாரண கலத்தை மூலக்கலமாக மாற்றினார். மறு ஆண்டில் மனிதத் தோற்கலத்திலும் அதனைச் செய்துகாட்டினார். முளையம் தேவையில்லாது போயிற்று. 2012 ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கும் அவருக்கு முன்னோடியான ஜோன் கேடன் என்பாருக்கும் கிடைத்தது.

விதையும் பாத்தியும் மனித இதயத்தில் முதன்முதல் ஒன்றுசேர்ந்தது மீண்டும் பாரிசிலேதான், சேர்த்தவரும் மெனாஷேயே. 2014 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில், முளைய மூலக்கலங்களிலிருந்து பெற்ற இளம் இதயக் கலங்களைப் பைபிரின் ஒட்டிலே பதித்து, 68 வயதுப் பெண்மணியொருவரின் இதயத் தழும்பின்மேல் வைத்துத் தைத்தார். முதல் முயற்சிக்கும் இதற்கும் இடையில் 14 ஆண்டுகள் கழிந்திருந்தன. நோயாளர் ஆறு பேருடன் நிறைவுற்ற அப்பரிசோதனை, இம்முறையால் கட்டியோ துடிப்பின் ஒழுங்கின்மையோ தோன்றவில்லை என்பதைக் காட்டியது. அதன் நோக்கமும் தீங்கின்மையை அறிவதே. அதே ஆண்டில் சியாற்றில் நகரத்துச் சாள்ஸ் மரி குழுவினர், குரங்கின் இதயத்தில் 100 கோடி கலங்கள் வரை ஊசியால் ஏற்றிப் புதிய தசையை வளர்த்தனர். ஆனால் அக்குரங்குகளிற் துடிப்பு ஒழுங்கு குலைந்தமையையும் கண்டனர். புதுக்குடியினர் பழங்குடியினரோடு இசைந்து வாழக் காலம் வேண்டுமன்றோ?

2020 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், யமனாக்காவின் முறையால் ஆக்கிய இதயக் கலப் படலங்களைச் சாவா குழுவினர் ஒசாக்காவில் ஒரு நோயாளருக்கு ஒட்டினர். எட்டு நோயாளரின் பரிசோதனை அதனைத் தொடர்ந்தது. அப்படலங்களை விற்பனைக்கு அனுமதிக்குமாறு 2025 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் விண்ணப்பமும் செய்யப்பட்டது. ஜேர்மனியிலோ, கோழி முளையக் கலங்களோடு தொடங்கிய சிமமான், கால் நூற்றாண்டுக்குப்பின் கேற்றிங்கன் நகரிலிருந்து மனித இதய ஒட்டுக்களை ஆக்கினார். கொலாஜன் கூழிலே இதயத் தசைக்கலங்களையும் அவற்றைத் தாங்கும் இணைப்பிழையக் கலங்களையும் கலந்து வளர்த்த அவ்வொட்டுக்கள், கிண்ணத்தில் இருக்கும்போதே துடிக்கும் இயல்பின. குரங்குகளிற் சோதித்தபோது ஆறு மாதம் வரை தங்கிச் சுவரைத் தடிப்பித்தன. துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கவில்லை. 2021 ஆம் ஆண்டில் முதல் நோயாளருக்கு அவை பொருத்தப்பட்டன.

அப்பரிசோதனையிற் சேர்ந்தவருள் 46 வயதுப் பெண்மணி ஒருவரும் இருந்தார். அவருடைய இதயம் மிகவும் நலிந்திருந்தது. ஏறத்தாழ 40 கோடி கலங்கள் கொண்ட ஒட்டுக்களை அவருக்குப் பொருத்தினார்கள். மூன்று மாதம் சென்றபின் அவருக்கு மாற்று இதயம் கிடைத்தது. அகற்றிய பழைய இதயத்தை ஆராய்ந்தபோது, ஒட்டு உயிரோடு இருந்தமையும், நோயாளரின் இரத்தக் குழாய்கள் அதனுட் புகுந்து ஊட்டியமையும் கண்கூடாகத் தெரிந்தன. மனித இதயத்தின்மேல் ஆய்வுகூடத்து இதயத் தசை வேர்கொண்டமைக்கு அது சான்று. 2025 ஆம் ஆண்டு ஜனவரி மாத இறுதியில் இச்செய்தி அச்சேறியபோது 15 நோயாளர் அச்சிகிச்சையைப் பெற்றிருந்தனர். மாற்று இதயம் கிடைக்கும்வரை உயிரைத் தாங்கும் பாலமாக ஒட்டு உதவுமா என்று அறிவதே ஆய்வாளரின் முதல் நோக்கம். ஒரு பெண்மணியின் இதயத்திற் கண்டது வேர்கொண்டமைக்குச் சான்றேயன்றி, நோய் தீர்ந்தமைக்குச் சான்றன்று என்பதையும் மறத்தலாகாது.

தீர்க்கவேண்டிய சிக்கல்கள் சிலவல்ல. பிறருடைய கலங்களிலிருந்து ஆக்கிய ஒட்டு வெறுக்கப்படாமல் இருக்க, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை உண்ணல் வேண்டும். அதனாற் பிற நோய்கள் அணுக வழியுண்டு. ஒட்சிசன் இரத்தக் குழாயிலிருந்து ஒரு மில்லிமீற்றரின் சிறு பின்னத் தூரமே ஊடுருவும். ஆகவே ஒட்டைத் தடிப்பாக்க வேண்டுமாயின் அதனுள்ளே குழாய்களையும் நெய்தல் வேண்டும். மாறாத மூலக்கலம் ஒன்று எஞ்சினாலும் கட்டியாக வளரக்கூடும் என்ற ஐயம் உண்டு. ஒட்டின் பயன் அது துடிப்பதனாலா, அன்றி அதிலுள்ள கலங்கள் கசியவிடும் பொருள்கள் பழைய தசையைத் தேற்றுவதனாலா என்பதிலும் அறிஞர்கள் ஒருமித்தாரில்லை. மெனாஷே தாமே பிற்காலத்தில், கலங்களை விடுத்து அவை கசியவிடும் நுண்ணிய உறைகளை மருந்தாக ஏற்றும் வழியை நாடினார். செலவோ பெரிது; ஏழை நாட்டு வைத்தியசாலைகளின் வாயிலை அது எப்போது எட்டும் என்பது தனிக்கேள்வி. மாரடைப்புற்றவரை விரைவில் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று அடைப்பைத் திறப்பதும், புகைத்தலை விடுவதும், இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதும் இவ்வொட்டுக்கள் யாவற்றினும் மலிந்த மருந்துகள் என்பதில் ஐயமில்லை.

பிராங்பேட் நகரத்து மூன்று பட்டுத் தையல்களிலிருந்து கேற்றிங்கனின் துடிக்கும் ஒட்டு வரையிலான காலம் ஒன்றேகால் நூற்றாண்டு. அவ்வழி நேரானதன்று. துணியை நம்பினார்கள், துணி துடிக்கவில்லை. தொடைத் தசையை நம்பினார்கள். அது தாளம் அறியவில்லை. மச்சையை நம்பினார்கள், அது இரத்தமாகவே இருந்தது. ஒவ்வொரு தோல்வியின்போதும், தன்மேற் சோதனை செய்ய இசைந்த நோயாளர் ஒருவர் கட்டிலிலே கிடந்தார் என்பதை வரலாறு எழுதுவோர் மறத்தல் தகாது. அவர்களுட் பலர் தமக்குப் பயன் கிடைக்கும் என்ற உறுதியின்றியே உடன்பட்டவர்கள். அவர்களுக்கு வைத்திய உலகம் செலுத்தவேண்டிய கடன் ஒன்றுண்டு. கண்டதைக் கண்டவாறு உரைப்பதும், காணாததைக் கண்டதாக உரையாமையுமே அக்கடன். அது செலுத்தப்பட்ட இடங்களில் தோல்வியும் அடுத்தவர் ஏறுதற்குப் படியாயிற்று. செலுத்தப்படாத இடத்தில் வெற்றி என்று முழங்கியதும் வீண்முழக்கமாய் முடிந்தது. இதயத்துக்கு ஒட்டுப்போடும் கலை இன்னும் இளங்கலையே. அது முதிர்ந்து மூச்சு வாங்குவோர் படியேறும் நாள் வருமாயின், அந்நாளை அண்மையாக்கியவர்களுள் பெயர் அறியப்படாத அந்நோயாளர்களுக்கும் இடமுண்டு.